பொம்மையின் பேச்சு: இராம்தாஸ் பாத்யேயின் பாவைத் திரட்டு குறித்து ஒரு மொழிநோக்கு

1. முன்னுரை

பாவைகளைத் திரட்டுவோர் உண்டு. பாவைகளை ஆட்டுவோரும் உண்டு. இவ்விரண்டையும் வாழ்நாள் முழுதும் ஒருங்கே செய்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் மும்பையைச் சேர்ந்த மராத்தியக் கலைஞர் இராம்தாஸ் பாத்யே ஆவார். அவருடைய கலைத்திறத்தை நாளிதழ்களும் தொலைக்காட்சியும் பலகாலும் போற்றியுள்ளன. இக்கட்டுரை அவர் வாழ்வையும் திரட்டையும் மொழிநோக்கில் அணுக முற்படுகிறது. பாவையின் உடலைப் பேழையில் வைத்துக் காக்கலாம்; அதன் பேச்சை எங்ஙனம் காப்பது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

இவ்வினா டிராம்பேயில் வாழும் தமிழர்க்கு நெருக்கமானது. 1954இல் இங்கு அணுசக்தி ஆய்வு நிறுவனம் அமைந்ததும், அதன் பணியாளர்க்கென அணுசக்தி நகர் எழுந்ததும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை இப்பகுதிக்குக் கொணர்ந்தன. 1976இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட சீத்தா கேம்ப்பிலும் தமிழர் பெருந்தொகையினர். வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் இந்தியுமாக வளர்ந்த இவர்களுக்கு இருமொழி வழக்கு என்பது நூலில் பயின்ற கோட்பாடு அன்று, அன்றாட வாழ்க்கை. ஒரே ஆள் இரு குரலில், இரு நடையில் பேசும் பாவைக்கலையை அணுகுவதற்கு இது ஏற்ற நிலைக்களம் எனலாம்.

2. வாழ்வும் தொழிலும்

இராம்தாஸ் பாத்யேயின் தந்தை யஷ்வந்த் கேசவ் பாத்யே செப்படி வித்தையும் மாயக்குரற் கலையும் வல்லவர். உதடு அசையாமல் பேசி, அப்பேச்சு கையிலுள்ள பொம்மையின் வாயிலிருந்து எழுவதாகத் தோன்றச் செய்வதே மாயக்குரற் கலையாகும். இக்கலையை இந்தியாவில் தொழிலாக மேற்கொண்ட முன்னோடிகளுள் அவர் ஒருவர். அவருடைய பொம்மைகளுள் புகழ்பெற்றது ‘அர்தவட்ராவ்’ என்பதாகும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றிய இப்பொம்மை தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழிச் சொத்தாக வந்தது.

இராம்தாஸ் எட்டு வயது முதல் தந்தையிடம் பயின்றார். கல்வியால் அவர் இயந்திரப் பொறியாளர். அக்கல்வி வீண்போகவில்லை. கண் சுழலவும் புருவம் உயரவும் இதழ் பிரியவும் வேண்டிய நெம்புகோல்களைத் தாமே வடிவமைத்துப் பொம்மைகளைச் செய்யவும் பழையவற்றைச் செப்பனிடவும் அது துணைநின்றது. 1967ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் மும்பைச் சௌபாட்டியிலுள்ள பிர்லா கிரீடா கேந்திரத்தில் அவருடைய முதல் நிகழ்ச்சி அரங்கேறியது. 1972இல் தூர்தர்ஷனில் ‘மேரி பி சுனோ’ என்னும் நிகழ்ச்சி வாயிலாக அவர் தொலைக்காட்சியில் தோன்றினார். ‘நான் சொல்வதையும் கேளுங்கள்’ என்பது அத்தலைப்பின் பொருள். பாவையின் வேண்டுகோளாகவே அதனைக் கொள்ளலாம்.

பின்னர் அவருடைய ‘போல்க்யா பாஹுல்யா’ (பேசும் பொம்மைகள்) என்னும் மேடை நிகழ்ச்சி பரவலாக அறியப்பட்டது. லிஜ்ஜத் அப்பள விளம்பரத்தில் வந்த முயற்பொம்மை அவர் கைப்பட உருவானதே. மகேஷ் கோத்தாரே இயக்கிய ‘ஜபாட்லேலா’ (1993) என்னும் மராத்தித் திரைப்படத்தில் தாத்யா விஞ்சு என்ற கொடியவனாக நடித்தவர் திலீப் பிரபாவல்கர். அவன் உயிர் புகுந்த பொம்மையை ஆக்கி இயக்கியவர் பாத்யே. அவருடைய துணைவியார் அபர்ணாவும் மக்கள் சத்யஜித், பரிக்ஷித் இருவரும் இக்கலையில் ஈடுபட்டமையால் இது மூன்று தலைமுறைக் குடும்பக் கலையாயிற்று.

அவர்தம் திரட்டில் 2,000க்கு மேற்பட்ட பொம்மைகள் உள்ளன எனச் செய்தி ஏடுகள் குறிப்பிட்டுள்ளன. எண்ணிக்கையினும் முதன்மையானது அத்திரட்டின் தன்மையாகும். அருங்காட்சியகத்தார் திரட்டுவது ஆடி முடித்த பாவைகளை. பாத்யே காத்து வந்ததோ ஆடிக்கொண்டிருக்கும் பாவைகளை. அர்தவட்ராவ் தந்தையின் நினைவுப்பொருளாகப் பெட்டியில் துயிலவில்லை. மகன் கையிலும் பேசிற்று. ஒரு பாவையின் வாய்மொழி ஒரு தலைமுறையிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறியமைக்கு இது தெளிவான சான்று.

3. பெயரும் பெயர்ப்பும்

மொழிபெயர்ப்பாளர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு பொம்மையின் பெயரே. மராத்தியில் ‘அர்தவட்’ என்பது முற்றுப்பெறாதது, அறிவு நிரம்பாதது என்னும் பொருள்களைத் தரும். ‘ராவ்’ என்பது உயர்வுச் சொல். இழிவும் உயர்வும் ஒரே பெயரில் முட்டிக்கொள்வதே அதன் நகைச்சுவை. ‘அரைகுறை’ எனத் தமிழாக்கின் உயர்வு விடுபடும். ‘அரைவேக்காட்டு ஐயா’ என்றால் ஓரளவு நெருங்கலாம். ஆயினும், ‘ராவ்’ என்னும் சொல்லுடன் வரும் மராத்தியர்தம் குடிப்பெருமையைத் தமிழின் எந்த ஒரு சொல்லும் முழுதும் தாங்காது. அரசவைப் பெருமிதம் வாய்ந்த ஒட்டை மரப்பொம்மைக்குச் சூட்டிய குறும்பே அப்பெயரின் உயிர்.

கலையின் பெயரும் இவ்வாறே சிந்தனைக்குரியது. ஆங்கிலம் முதலிய ஐரோப்பிய மொழிகள் இலத்தீன் வழியாக ‘வயிற்றாற் பேசுதல்’ என்னும் பொருளுடைய சொல்லை ஏற்றன. வயிற்றினுள் ஆவி புகுந்து பேசுவதாக நம்பிய பண்டைய நம்பிக்கையின் எச்சம் அது. மராத்தியர் அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை, ‘சப்தப்ரமம்’ என்றனர். ஒலியால் விளையும் மயக்கம் என்பது அதன் பொருள். தமிழில் வழங்கும் ‘மாயக்குரல்’ என்பதும் அவ்வழிப்பட்டதே. இவ்விரு சொற்களும் ஒலி பிறக்கும் இடத்தைப் பிழையாகக் கூறாமல், கேட்பவரிடத்து நிகழும் மயக்கத்தையே பெயராக்கியுள்ளன. கலைச்சொல்லாக்கத்தில் சொற்பெயர்ப்பினும் பொருட்பெயர்ப்பு சிறப்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பாவையை உவமையாக்கும் வழக்கு இரு மொழிகளிலும் பழமையானது. 1290இல் தோன்றிய ஞானேசுவரியில் நூலால் ஆடும் பாவை உவமையாக வருகின்றது. திருக்குறளில் நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் நாணற்றவரைக் கயிற்றால் உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பாவைக்கு ஒப்பிடுகிறது. ஆங்கு ‘நாண்’ என்னும் சொல் வெட்கத்தையும் கயிற்றையும் ஒருங்கே உணர்த்துகிறது. உவமையை மராத்தியில் எளிதிற் பெயர்க்கலாம். அச்சிலேடையைப் பெயர்ப்பது அரிது. பாவையின் கயிறு மொழியினுள்ளேயே முடியப்பட்டிருக்கிறது எனலாம்.

4. இதழொலிகளும் மாயக்குரலும்

மாயக்குரற் கலைஞனுக்குப் பகை இதழொலிகளே. உதடு அசையாமல் நாவாலும் அண்ணத்தாலும் மிடற்றாலும் பிறக்கும் ஒலிகளை ஒலித்துவிடலாம். இரு உதடுகள் பொருந்தினாலன்றிப் பிறவாத ஒலிகளை எங்ஙனம் ஒலிப்பது?

தொல்காப்பியப் பிறப்பியல் இவ்வொலிகளைத் தெளிவாக வகுத்துள்ளது. இதழ் இயைந்து பிறப்பன பகரமும் மகரமும். மேற்பல்லும் இதழும் இயையப் பிறப்பது வகரம். இதழ் குவிந்து பிறப்பன உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் ஐந்து உயிர்கள். மாயக்குரல் பயிலும் தமிழர் ஒருவர் தம் இடர்ப்பாடுகளைப் பட்டியலிட விரும்பின் இந்நூற்பாக்களின் பொருளை எழுதிக்கொண்டாலே போதும். மராத்தியில் சுமை இன்னும் மிகுதி. பகர வருக்கத்தில் ஒலிப்பும் மூச்சொலியும் வேறுபட்ட நான்கு வெடிப்பொலிகள் அங்குத் தனித்தனி ஒலியன்களாக நின்று பொருளை வேறுபடுத்துகின்றன.

இவ்விடர்ப்பாட்டை நீக்க இரு வழிகள் உள. முதலாவது, இதழொலிச் சொற்களை விலக்குதல். ‘கண்ணனைக் காணச் சென்றேன்’ என்பதில் இதழ் இயைவதும் இல்லை, குவிவதும் இல்லை. ‘அப்பா பாம்பைப் பார்த்தார்’ என்பதிலோ சொல்தோறும் இதழ் இயைகிறது. தமிழ்ப் புலவர்கள் இவ்விலக்கைப் பாவினமாகவே வளர்த்தனர். சித்திரகவி வகைகளுள் ஒன்றாகிய நிரோட்டகம் (இதழகல்) முழுதும் இதழொலி இன்றிப் பாடப்படுவது. சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன்மேல் ஒரு நிரோட்டக யமக அந்தாதியே இயற்றினார். வடமொழியில் தண்டியின் தசகுமார சரிதத்தில், காதலியின் பற்பட்டு உதடு நொந்த மந்திரகுப்தன் தன் கதையை இதழொலியின்றிக் கூறுகிறான். புலவர்க்கு இது சொல்விளையாட்டு. மேடையில் நிற்கும் கலைஞர்க்கு வாழ்க்கைத் தேவை.

இரண்டாவது வழி, ஒலியை மாற்றி ஒலித்தல். பகரத்தின் இடத்தில் நுனிநாவால் தகரத்தை ஒத்த ஒலியையும், மகரத்தின் இடத்தில் நகரத்தை ஒத்த ஒலியையும் எழுப்புவது இக்கலையின் பொது உத்தியாகும். அவ்வாறாயின், கேட்போர்க்கு ‘பாட்டு’ என்பது ‘தாட்டு’ எனக் கேளாதது ஏன்? சொற்றொடரின் பொருட்சூழல் விடுபட்ட ஒலியை நிரப்புகிறது என்பது ஒரு விடை. கண்ணும் கேட்கிறது என்பது மற்றொரு விடை. 1976இல் மக்கர்க், மக்டொனால்டு ஆகிய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட சோதனை, காணும் வாயசைவு கேட்கும் ஒலியையே மாற்றிவிடுவதைக் காட்டியது. பொம்மையின் வாய் உரிய நொடியில் மூடித் திறக்குமாயின், அவையோர் தாம் கேளாத பகரத்தையும் கேட்டதாகவே உணர்வர். எனவே பொம்மையின் கீழுதட்டை இயக்கும் விரலும் ஒலியுறுப்புகளுள் ஒன்றாகிவிடுகிறது. பாத்யேயின் பொறியியற் கல்விக்கும் அவர் கலைக்கும் இடையிலுள்ள உறவு இவ்விடத்தில் விளங்கும்.

இங்கு ஒரு முரண்சுவையும் உண்டு. பாவை, பொம்மை, பாஹுலி, புத்தலி என இந்திய மொழிகள் பலவற்றில் பொம்மையைக் குறிக்கும் சொற்கள் இதழொலியிலேயே தொடங்குகின்றன. பொம்மைக்குத் தன் பெயரைச் சொல்வதே கடினம்.

5. தெற்கே ஒலித்த மராத்தி

பாத்யேயின் கலை நகர மேடைக்குரியது. அதற்கு நெடுங்காலம் முன்பே மராத்தி மொழியும் பாவையும் தமிழகத்தில் ஒன்றுசேர்ந்திருந்தன என்பது தமிழாய்வாளர் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தியாகும். தமிழ்நாட்டில் தோற்பாவைக் கூத்து நிகழ்த்தும் மண்டிகர், கணிகர் எனப்படும் மரபினர் வீட்டில் மராத்தியின் ஒரு வழக்கைப் பேசுவோர். 1676இல் தொடங்கிய தஞ்சை மராத்தியர் ஆட்சியோடு இவர்தம் வருகையை இணைத்துக் காண்பது வழக்கம். அ.கா. பெருமாள், மு. இராமசுவாமி ஆகியோரின் ஆய்வுகள் இம்மரபினரின் வாழ்வையும் கூத்தையும் விரிவாகப் பதிவு செய்துள்ளன. ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் தோற்பாவை ஆட்டும் குடியினர் பலரும் வீட்டில் மராத்தி வழக்கு பேசுவோரே.

இக்கலைஞர் பலருடைய பெயர் ‘ராவ்’ என முடிகிறது. மும்பை மேடையில் மரப்பொம்மைக்கு நகையாகச் சூட்டப்பட்ட அதே ஒட்டு, குமரி மாவட்டத்துக் கூத்தர்க்குத் தாம் வந்த வழியை நினைவூட்டும் அடையாளமாக நிற்கிறது. ஒரே சொல் இரு நிலங்களில் இருவேறு பணி ஆற்றுகிறது.

திரைக்குப் பின்னால் இருக்கும் தோற்பாவைக் கூத்தருக்கு உதட்டை மறைக்க வேண்டிய தேவை இல்லை. எனினும் அவர் தாங்கும் மொழிச்சுமை பெரிது. இராமன், சீதை, இராவணன், அனுமன் ஆகிய அனைவர்க்கும் அவர் ஒருவரே குரல் தருகிறார். இராமன் முதலியோர் பேச்சு ஏட்டுநடையைத் தழுவும். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தோன்றியவுடன் வட்டார வழக்கு கரைபுரளும். ஊர்ச்செய்தியும் அன்றைய நடப்பும் இராமகாதைக்குள் புகுந்துவிடும். பெரியோரை எதிர்த்துக் குறும்பு பேசும் உரிமை இப்பாவைகளுக்கு உண்டு. அர்தவட்ராவ் தன்னை ஏந்திய கலைஞரையே மடக்கிப் பேசுவதும் இவ்வுரிமையால்தான். மனிதன் சொன்னால் பழியாவது பாவை சொன்னால் நகையாகிறது.

மேலும் நோக்கின், தோற்பாவைக் கூத்தர் ஒவ்வோர் இரவும் மொழி மாறுகின்றார். மனைவியிடம் மராத்தி வழக்கில் பேசிவிட்டுத் திரைமுன் விளக்கேற்றித் தமிழில் இராமகாதை நடத்துகிறார். பாவைக்குத் தமிழ், ஆட்டுவோருக்கு மராத்தி. இது நாள்தோறும் நிகழ்ந்தும் பெயர்ப்பு என எவராலும் எண்ணப்படாத மொழிபெயர்ப்பு ஆகும்.

6. திரட்டப்படாதது

மகாராட்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்துப் பிங்குளி ஊரில் தாக்கர் பழங்குடியினர் சித்திரகதி, கயிற்றுப்பாவை, தோற்பாவை ஆகிய கலைகளைப் பேணி வருகின்றனர். அம்மரபினரான பரசுராம் கங்காவணே தம் மாட்டுக்கொட்டிலையே அருங்காட்சியகமாக்கி 2006இல் திறந்தார். 2021இல் அவருக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. உதயப்பூரில் தேவிலால் சாமர் 1952இல் நிறுவிய பாரதிய லோக் கலா மண்டலமும் பாவைத் திரட்டுக்குப் பெயர்பெற்றது. அமெரிக்காவில் பாவைக்கலைஞரும் வரலாற்றாசிரியருமான பால் மக்ஃபார்லின் (1903–1948) திரட்டிய பாவைகள் டெட்ராய்ட் கலை நிறுவனத்தைச் சென்றடைந்தன. ஆட்டுவோரே திரட்டுவோராகவும் இருந்தமையால் பாவைகள் பிழைத்த வரலாறு இவை.

ஆயினும், பேழையிலுள்ள பாவையைக் காண்போர் அதன் பெயர், ஊர், காலம், செய்பொருள் ஆகியவற்றையே அறிகின்றனர். அப்பாவை எம்மொழியில் பேசியது, எக்குரலில் பேசியது, யாரை ‘நீ’ என்றது, யாரை ‘நீங்கள்’ என்றது என்பனவற்றைச் சீட்டு கூறுவதில்லை. இராசத்தானத்துக் கத்புத்தலிப் பாவையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அதனை ஆட்டுவோர் ‘போலி’ எனப்படும் சிறு ஊதியை வாயிலிட்டுக் கீச்சொலி எழுப்புவார். ‘போலி’ என்பதற்கு அங்குப் பேச்சு என்பதே பொருள். அக்கீச்சொலியைக் கேட்டு அவையோர்க்குப் பொருள் கூறுபவர் அருகிருக்கும் மத்தளக்காரர் அல்லது பாடும் பெண். மேடையிலேயே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். பாவையை மட்டும் திரட்டியோர் அவரை வெளியே விட்டுவிட்டனர்.

தமிழகத் தோற்பாவைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கூத்தைக் கைவிட்ட குடும்பத்தாரின் பாவைகள் அழகுப்பொருளாக விலைபோயின. பாவை விலைபோனபோது அதனுடன் இருந்த உரையாடலுக்கு விலையில்லை. பத்து நாள் வரை நீளும் இராமகாதைக் கூத்தின் பேச்சுப்பகுதி பெரும்பாலும் கூத்தரின் நினைவிலேயே வாழ்ந்தது. அவர் மறைந்தால் அதுவும் மறையும்.

எனவே பாவைத் திரட்டு என்பது மொழித் திரட்டாகவும் அமைதல் வேண்டும். குறைந்த அளவு நான்கு செய்திகள் பதிவுபெற வேண்டும். ஒன்று, பாவையின் உறுப்புகளுக்கும் இயக்கத்திற்கும் கலைஞர் தம்முள் வழங்கும் சொற்கள். இரண்டு, பாவைதோறும் மாறும் குரல், நடை, விளி, மரியாதை வடிவங்கள். மூன்று, பாவையின் மொழிக்கும் ஆட்டுவோர் வீட்டு மொழிக்கும் உள்ள உறவு. நான்கு, எழுதப்படாமல் அவைக்கேற்ப அவ்வப்போது பிறக்கும் மறுமொழிகள். நான்காவதே மிகக் கடினமானது. பாவைக்கு உயிர் தருவதும் அதுவே.

7. முடிவுரை

இராம்தாஸ் பாத்யேயின் வாழ்வு உணர்த்தும் செய்தி ஒன்றுண்டு. அவர் தந்தையிடமிருந்து மரப்பொம்மையை மட்டும் பெறவில்லை. அதன் குரலையும் குறும்பையும் பெற்றார். பெற்றதைப் பூட்டி வைக்காமல் பேசவைத்தார். அவருடைய திரட்டு நிலைத்தமைக்குக் காரணம் பேழை அன்று, பேச்சு.

தமிழகக் கூத்தர்தம் வீட்டு மராத்தியையும் மேடைத் தமிழையும் ஒருசேரப் பதிவு செய்ய இரு மொழியும் செவிவழி அறிந்தோர் தேவை. டிராம்பேயிலும் செம்பூரிலும் மாதுங்காவிலும் தாராவியிலும் அத்தகையோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். மராத்தியர் தமிழகம் சென்று பாவைக்குத் தமிழ் பேசக் கற்பித்தனர். மும்பைக்கு வந்து மராத்தி கற்ற தமிழர் அப்பேச்சை எழுத்தில் வடிப்பராயின், அது மூன்று நூற்றாண்டுக் கடனுக்குச் செய்யும் சிறு கைம்மாறு ஆகும். கூத்தறிந்த முதியோர் உள்ளபோதே அப்பணி தொடங்கப்பெறல் வேண்டும்.